ஜூஸ் குடித்தால் இளைக்குமா? சக்கையைக் கேளுங்கள்

உடம்பைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தவர் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு பொருள் வந்துவிடும். ஒன்று புது ஷூ, இன்னொன்று ஜூஸர். ஒரு மாதத்தில் ஷூ வாசல் ஸ்டாண்டில் தூசி படிந்து கிடக்கும். ஜூஸர் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நடப்பதைவிடக் குடிப்பது சுலபம் அல்லவா!

முத்தாபுதுப்பேட்டையிலும் இதே கதைதான். ஆவடி விமானப்படைத் தளத்தை ஒட்டிய ஊர் இது. சீருடையில் இருக்கும்வரை ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு, எடை கூடினால் கேள்வி வரும். ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆளில்லை. பெல்ட்டில்தான் ஓட்டை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் படை உடைத் தொழிற்சாலையிலும் ஷிப்டு பார்த்தவர்கள் ஒருபுறம். மின்சார ரயில் பிடித்து அம்பத்தூர், சென்ட்ரல் பக்கம் போய், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் மறுபுறம். காலையில் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் வேக நடை போடுவதும் இவர்கள்தான், நடந்து முடித்ததும் ‘உடம்புக்கு நல்லது’ என்று ஒரு டம்ளரை வாங்கி மடமடவென்று கவிழ்ப்பதும் இவர்கள்தான்.

கவலைப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதமாகத்தான் இருந்தார்கள். ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய பத்து சதவீதப் புள்ளி ஏறியிருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று அரசே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறில்லை. நடந்த பிறகு கைக்கு வரும் டம்ளரில்தான் விவகாரம்.

அந்த டம்ளரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ‘ஜூஸ்’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறோம். வெள்ளைப் பூசணி, வாழைத்தண்டு, அருகம்புல், பாகற்காய் எல்லாம் ஒரு வகை. சாத்துக்குடி, மாதுளை, ஆப்பிள், திராட்சை, கரும்பு வேறு வகை. முதல் வகையில் பெரும்பாலும் தண்ணீர்தான். வெள்ளைப் பூசணி 100 கிராமுக்கு ஏறக்குறைய 13 கலோரி, கிட்டத்தட்ட 96 சதவீதம் நீர். குடித்தால் எடை கூடாது. அதற்காக அது கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்வதற்கும் இடமில்லை. கொழுப்பைக் கரைக்கும் காயோ பழமோ உலகத்தில் எங்கும் விளைவதில்லை. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உள்ளே போனால் மட்டுமே அது சேமிப்பில் கை வைக்கும்.

இரண்டாம் வகைதான் கணக்கைக் குழப்புகிறது. கடையில் ஒரு டம்ளர் நிறைய ஆரஞ்சு ஜூஸ் பிழிய மூன்று நான்கு பழம் வேண்டும். 250 மில்லி சாற்றில் சுமார் 110 கலோரி, 20 கிராம் சர்க்கரை. இது பழத்திலேயே இருக்கிற சர்க்கரை. “அண்ணா, சக்கரை கம்மியா போடுங்க” என்று சொன்னாலும் ‘கம்மி’ என்பதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் அளவு இரண்டு ஸ்பூனுக்குக் குறைவதில்லை. சொல்லாவிட்டால் மூன்று. அதில் இன்னும் 50, 60 கலோரி ஏறும். மொத்தம் 170 என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் ஓரளவு வேகமாக நடந்தால் 65, 70 கிலோ எடையுள்ள ஒருவர் செலவழிப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஏரியைச் சுற்றி வியர்க்க நடந்ததை வாசலிலேயே நின்று இரண்டு நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறோம். அதே 170 கலோரிக்கு மூன்று இட்லி சாப்பிட்டிருந்தால் காலைப் பசியாவது அடங்கியிருக்கும். ஜூஸ் குடித்தவர் வீட்டுக்கு வந்து அந்த மூன்று இட்லியையும் சாப்பிடத்தான் போகிறார்.

கரும்புச்சாறு இன்னும் ஒரு படி மேல். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, 100 மில்லி கரும்புச்சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி, அளவோடு நிறுத்தச் சொல்கிறது. ஒரு பெரிய டம்ளருக்கு 30 கிராமைத் தாண்டும். ஒரு நாளின் மொத்தச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை அந்த நிறுவனம் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதே பழத்தைப் பிழிந்தால், ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போடாவிட்டாலும், அந்தச் சாற்றின் சர்க்கரை கணக்கில் வந்துவிடுகிறது.

அதே பழம், அதே சர்க்கரை. பிழிந்ததும் மட்டும் ஏன் குற்றமாகிறது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1970களில் ஒரு மருத்துவர் குழு இதைத்தான் சோதித்தது. பத்து ஆரோக்கியமான ஆட்களுக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, மசித்த கூழாக, வடிகட்டிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்து, சர்க்கரை அளவு ஒன்றே. 1977இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. முழு ஆப்பிளைத் தின்ன எடுத்த நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் ஜூஸ் உள்ளே போய்விட்டது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் அதைவிடக் குறைவு. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. ஏறிய ரத்தச் சர்க்கரை பிறகு சட்டென்று கீழே விழுந்தது. முழுப் பழம் தின்றவர்களுக்கு அந்த வீழ்ச்சி இல்லை. பதினொரு மணிக்கு வயிறு கிள்ளி, டீக்கடையில் வடை தட்டைப் பார்க்க வைப்பது எது என்று யோசிப்பவர்கள் அந்த வீழ்ச்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நார்ச்சத்து போய்விட்டது, அதைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். கடையில் ‘ஃபைபர் சேர்த்தது’ என்று ஒட்டி விற்பவர்களுக்கும் அதுதான் தோன்றியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு அதையும் விட்டுவைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரே ஆட்களுக்கு ஒரு நாள் ஆப்பிள் துண்டு, இன்னொரு நாள் கூழ், வேறொரு நாள் சாறு, மற்றொரு நாள் நார் கலந்த சாறு. கலோரி எல்லாவற்றிலும் ஒன்றே. ஆப்பிள் துண்டு தின்ற நாளில், அந்த ஆப்பிளையும் சேர்த்தே, மதியச் சாப்பாட்டின் கலோரி சுமார் 15 சதவீதம் குறைந்தது. சாற்றில் நாரைக் கலந்தும் அந்தப் பலன் வரவில்லை. 2009இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: நார் மட்டும் போதாது, அது பழத்துக்குள் பின்னிக் கிடக்கிற விதமும், பல் அதை உடைக்க எடுக்கும் நேரமும் சேர்ந்துதான் வயிற்றுக்குச் சேதி சொல்கின்றன. மெல்லுகிற வேலையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டால் வயிறு அந்தச் சாப்பாட்டைக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

ஏபிசி ஜூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள், பீட்ரூட், கேரட். சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த மூன்றெழுத்தைத் தெரியாத வீடு குறைவு. முகம் பளபளக்கும், ரத்தம் ஊறும், தொப்பை கரையும் என்று வாட்ஸ்ஆப்பில் வராத உறுதிமொழி இல்லை. ஒரு ஆப்பிள், ஒரு கேரட், ஒரு சின்ன பீட்ரூட். மூன்றுமாகச் சுமார் 150 கலோரி, எட்டு கிராம் நார். ஜூஸரில் போட்டுப் பிழிந்தால் கலோரியில் பெரும்பங்கு டம்ளருக்கு வரும், நாரில் பெரும்பங்கு குப்பைக் கூடைக்குப் போகும். ஒரு நாளைக்கு 30 கிராம் நாராவது வேண்டும் என்பது நமது ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. அதில் கால் பங்கைக் காசு கொடுத்து வாங்கி, கழுவி, தோல் சீவி, மின்சாரம் செலவழித்து, கடைசியில் தொட்டிச் செடிக்குப் போடுகிறோம். செடி நன்றாக வளரும், அதில் சந்தேகமில்லை. மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடிக்கிறவர்களுக்கு நஷ்டம் குறைவு. ஆனாலும் மெல்லாமல் மடக்கு மடக்காக உள்ளே போகிறது என்பது மாறாது.

“அதெல்லாம் சரி, எங்க மச்சான் ஜூஸ் மட்டும் குடிச்சு ஒரே வாரத்துல மூணு கிலோ குறைச்சாரே” என்று ஒருவர் எழுந்து நிற்பார். குறைந்திருப்பார், பொய்யில்லை. ஆனால் குறைந்தது எது? கல்லீரலிலும் தசையிலும் உடம்பு கிளைக்கோஜன் என்ற பெயரில் கொஞ்சம் சர்க்கரையைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டியிருக்கும். சாப்பாடு பாதியாகக் குறைந்ததும் முதல் சில நாளில் இந்தக் கையிருப்புதான் கரைகிறது. அதோடு தண்ணீரும் வெளியேறுகிறது. குடலில் கிடக்கும் கழிவும் குறைகிறது. எடை மெஷின் முள் கீழே இறங்குவதற்கு இவ்வளவு போதும். பழையபடி சோற்றில் கை வைத்த மறுநாளே கிளைக்கோஜனும் தண்ணீரும் வீடு திரும்பிவிடும். மச்சானை அடுத்த மாதம் எடை போட்டுப் பார்க்க யாரும் அழைப்பதில்லை.

வாரக்கணக்கில் தொடர்ந்தால் கதை வேறு பக்கம் திரும்பும். சாற்றில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். உடம்புக்கு அன்றாடம் புரதம் வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால் தசையை உடைத்து எடுத்துக்கொள்ளும். தொப்பையைக் குறைக்கக் கிளம்பியவர் தொடையையும் தோளையும் இழக்கிறார். தசை குறைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறையும், அதனால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது எடை முன்னைவிட வேகமாக ஏறும். அவசர எடைக் குறைப்பில் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றை நிறுத்திச் சாறு மட்டும் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மருந்து அளவு சோற்றுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தது, ஜூஸுக்கு ஏற்றபடி இல்லை.

2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் இறந்த செய்தி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. கல்லூரியில் சேரக் காத்திருந்த பிள்ளை. எடையைக் குறைக்க யூடியூப் பார்த்து, மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்தார் என்று குடும்பத்தினர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. திடீரென்று மூச்சுத்திணறல் வந்து சரிந்தார். ஒரு சாவுக்குப் பல காரணம் இருக்கலாம், மருத்துவ அறிக்கைதான் முடிவு சொல்ல வேண்டும். அதை இங்கே தீர்மானிக்க முடியாது. ஆனால் வளரும் வயதில், எலும்பும் தசையும் கட்டப்படும் பருவத்தில், மூன்று மாதம் சோறு, பருப்பு, முட்டை, பால் எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளை இருக்கலாம் என்று சொல்ல எந்த மருத்துவ நூலிலும் இடமில்லை. சில மாதம் முன்பு, அதே ஆண்டு மார்ச்சில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் எடை கூடிவிடும் என்ற பயத்தில் ஏறக்குறைய தண்ணீரை மட்டும் நம்பியிருந்து உயிரிழந்தார். இரண்டு பேரும் ஊர்ப் பெரியவர் பேச்சைக் கேட்டுக் கெட்டவர்கள் இல்லை. கைப்பேசியில் யாரோ சிரித்த முகத்தோடு சொன்னதை நம்பியவர்கள்.

பட்டினியை விடும் விதத்திலும் கவனம் வேண்டும். நீண்ட பட்டினியில் இருந்தவர் சட்டென்று திடஉணவு எடுக்கும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் தாறுமாறாகச் சரிந்து இதயத்தைத் தாக்கும் ஆபத்து மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தபோதே அதைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களுக்குச் சோறு ஊட்டுவதற்கே ரத்தப் பரிசோதனை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் கூட்டுவார்கள். யூடியூப் சவால்களில் இதைச் சொல்லும் பழக்கம் இல்லை.

இயற்கையானது, அதனால் கெடுதல் வராது என்ற நம்பிக்கைக்குக் கேரளத்திலிருந்து இன்னொரு பாடம் உண்டு. இரும்பன்புளி என்று அங்கே சொல்லும் புளிப்புக் காயைக் கொழுப்பு குறைய நல்லதென்று பிழிந்து குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்த விவரம் 2013இல் இந்திய சிறுநீரகவியல் இதழில் வெளியானது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்தக் காயில் ஆக்சலேட் மிக அதிகம். மீன் குழம்பில் நான்கு போட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு டம்ளர் சாற்றுக்கு எத்தனை போகும் என்று யோசித்தால் புரியும். பசலைக்கீரை, பீட்ரூட் எல்லாவற்றிலும் ஆக்சலேட் உண்டு. ஒரு கட்டுக் கீரையைக் கடைந்து நான்கு பேர் சாப்பிடுகிற வீட்டில், அதே கட்டைப் பச்சையாகப் பிழிந்து ஒருவரே தினமும் குடித்தால் அளவு எங்கேயோ போய்விடுகிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் இன்னொரு ஆபத்து. நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது.

சுரைக்காய் ஜூஸ் கதை இதைவிடப் பெரியது. 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த பிறகு இறந்துபோனார். நாடு முழுக்கப் பேச்சானதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை வைத்தது. சுரை, பீர்க்கு, வெள்ளரி குடும்பத்துக் காய்கள் சில நேரம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சைச் சேர்த்துக்கொள்கின்றன. பிழிவதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள் என்பது குழுவின் அறிவுரை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே காயைக் கூட்டு வைத்திருந்தால் முதல் வாயிலேயே ‘என்னடி இப்படிக் கசக்குது’ என்று தட்டைத் தள்ளியிருப்போம். ஜூஸில் இஞ்சி, எலுமிச்சை, நெல்லிக்காய், உப்பு எல்லாம் சேர்த்து, ‘மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்’ என்று மூக்கைப் பிடித்துக் குடித்துவிடுகிறோம். நாக்கு பார்க்கும் காவல் வேலையை ஜூஸ் பறித்துவிடுகிறது.

சாற்றுப் பித்து நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நார்மன் வாக்கர் என்பவர் 1930களிலேயே பச்சைக் காய்ச்சாறு பற்றிப் புத்தகம் எழுதி, சாறு பிழியும் கருவியும் செய்து விற்றார். 2010இல் ஆஸ்திரேலியர் ஜோ கிராஸ் 60 நாள் சாறு மட்டும் குடித்து இளைத்ததை ஒரு ஆவணப்படமாக எடுக்க, ஜூஸர் வியாபாரம் எகிறியது. உச்சக்கட்ட வேடிக்கை சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஜூஸெரோ என்ற நிறுவனம் பையில் அடைத்த காய்கறித் துண்டுகளைப் பிழிய 699 டாலருக்கு ஒரு மெஷின் விற்றது; பெரிய முதலீட்டாளர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். மெஷினுக்குச் சமமாகச் சாறு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி மூடியது. கோல்ட் பிரஸ் என்று விலை கூட்டி விற்கும் பாட்டிலைப் பார்க்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வந்தால் பர்சுக்கு நல்லது.

பெட்டியில் அடைத்த ஜூஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘100% பழச்சாறு’ என்று போடுவதை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. காய்ச்சிச் சுண்டவைத்த சாற்றில் தண்ணீர் ஊற்றிப் பழையபடி ஆக்குவதை அப்படி அழைக்கக் கூடாது என்பது காரணம்.

இவ்வளவும் படித்துவிட்டு ஜூஸரைப் பரணில் ஏற்ற வேண்டாம். சாறு உதவிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் வயிற்றுப் பருமனும் சர்க்கரை, ரத்த அழுத்தக் குறைபாடுகளும் சேர்ந்திருந்த 81 பேருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை கொடுத்து, அவர்களில் சிலருக்குத் தினமும் உப்பு குறைந்த காய்ச்சாறும் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் குடித்தவர்கள் சராசரியாகச் சுமார் 1.8 கிலோ குறைந்தார்கள், குடிக்காதவர்கள் அரைக் கிலோ. 2010இல் வெளியான ஆய்வு. செலவை ஏற்றது அந்தச் சாற்றை விற்கும் கம்பெனிதான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மூன்று விஷயம் தெளிவு: அது பழச்சாறு இல்லை, காய்ச்சாறு, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கவில்லை, சாப்பாட்டோடு கொடுத்தார்கள், சாப்பாட்டையும் திருத்தினார்கள்.

பார்பரா ரோல்ஸ் குழுவே இன்னொன்றும் செய்து பார்த்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் காய்கறி சூப் குடித்தால் மொத்தத்தில் 20 சதவீதம் கலோரி குறைந்தது. சாயங்காலம் ஆவடி, பட்டாபிராம் பக்கம் தள்ளுவண்டியில் கொதிக்கும் வாழைத்தண்டு சூப்பும் முருங்கைக்கீரை சூப்பும் இந்தக் கணக்கில் ஜூஸை ஜெயித்துவிடும். சூடாக இருப்பதால் ஒரே மடக்கில் குடிக்க முடியாது, சர்க்கரை கிடையாது. மேலே சோளமாவும் வறுத்த சிப்ஸும் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக, காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாக ஒருவர் சர்க்கரை சேர்க்காத வெள்ளைப் பூசணிச் சாறு குடிக்கிறார் என்றால் அவருக்கு லாபம்தான். லாபம் பூசணியால் வரவில்லை, குடிக்காமல் விட்ட சர்க்கரையால் வருகிறது. அந்தப் பூசணிச் சாற்றுக்குப் பிறகு வழக்கமான காபியும் உண்டு என்றால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் குடித்த கணக்கு.

நம் ஊர்ச் சாப்பாட்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2025 செப்டம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. இந்தியர் ஒருவர் ஒரு நாள் எடுக்கும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். தென்னிந்தியாவில் அதில் பெரும்பங்கு வெள்ளைச் சோறு. புரதம் குறைவு. ஏற்கெனவே மாவுச்சத்து வழிந்துகொண்டிருக்கும் இலையில் பழச்சாறு என்று இன்னொரு 20 கிராம் சர்க்கரையைச் சேர்ப்பது எப்படி எடையைக் குறைக்கும்? குறைய வேண்டியது சோறு. கூட வேண்டியது பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்.

அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் சொல்கிறது. நானூறு கிராம் காயை ஒரு ஆள் சாப்பிட ஜூஸர் தேவையில்லை, பொரியல் கரண்டியைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான்கு கரண்டி சோற்றுக்கு ஒரு கரண்டி பொரியல் என்ற வழக்கத்தை இரண்டுக்கு மூன்று என்று ஆக்கிப் பாருங்கள். பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டு, புடலங்காய்க் கூட்டு, பீட்ரூட் பொரியல், கேரட் கோசம்பரி, வாழைத்தண்டு மோர்ப்பச்சடி. ஜூஸர் தூக்கி எறியும் நார் இதில் அப்படியே இருக்கிறது, கூடவே பருப்பின் புரதமும். வாழைத்தண்டை நார் எடுத்து நறுக்கச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் ஜூஸுக்குப் போகிறார்கள் என்றால், அந்தச் சோம்பலுக்கு நியாயம் உண்டு. அவர்களுக்கு வெண்டைக்காய் இருக்கிறது.

பழம்? கொய்யா வாங்குங்கள். கோயம்பேட்டிலிருந்து வரும் வண்டியில் பெரும்பாலும் எல்லாக் காலத்திலும் கிடைக்கும், விலை கையைக் கடிக்காது, 100 கிராமில் சுமார் 5 கிராம் நார். ஜூஸாக்க யாரும் மெனக்கெடுவதில்லை என்பதே அதன் பெரிய நல்ல குணம். சாத்துக்குடியைச் சுளையாகத் தின்றால் இரண்டுக்கு மேல் போக மாட்டீர்கள். அமெரிக்க, ஐரோப்பிய மக்களைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டதில், திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைந்தும், பழச்சாறு குடித்தவர்களுக்குக் கூடியும் இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017இல் சொல்லிவிட்டது.

விரதம், சாறு சிகிச்சை இவற்றில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை வீட்டில் தாங்களாகவே தொடங்க வேண்டியதில்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நாள் கணக்கு வைத்து, படித்த மருத்துவர் சொல்லித்தான் எதுவும் கொடுப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தச் சாற்றையும் தினசரி வழக்கமாக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ‘எனக்கு ஜூஸ் போதும்மா’ என்று நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் ‘டயட்ல இருக்கு’ என்று பெருமைப்படாதீர்கள். எதைப் பார்த்துத் தொடங்கியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தமிழ்நாடு அரசின் 104 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மருத்துவ ஆலோசனை கிடைக்கும், காசு கிடையாது.